மோதிய பிறகு முதல் பத்து நிமிடம்: ஆர்.சி. கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாடம்



ஆர்.சி. கார் ஓட்டுற எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. கார் சுவத்துல மோதி கவிழ்ந்த உடனே ஓடிப் போய் நிமிர்த்தி வைப்போம். அடுத்த நொடியே "ஓடுதா பாப்போம்"னு திராட்டிலை அழுத்துவோம். ஓடினா "ஒண்ணும் ஆகலடா"ன்னு கத்திட்டு மறுபடியும் ஓட்ட ஆரம்பிச்சிடுவோம்.

நானும் மூணு வருஷம் அப்படித்தான் பண்ணேன். அந்த மூணு வருஷத்துல நான் செலவு பண்ண பணத்துல பாதி மோதலால் போனது இல்லை. மோதின பிறகு அழுத்தின அந்த திராட்டிலால் போனது. ஒரு தடவை எங்க ஹாஸ்டல் ரூமே போயிருக்கும். அதைப் பிறகு சொல்றேன்.

இந்தக் கட்டுரையில ரெண்டு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு, மோதின பிறகு எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசியில பாக்கணும். ரெண்டு, அடுத்த மோதல்ல எது உடையணும்னு இப்பவே எப்படி முடிவு பண்றது. "எதுவுமே உடையக் கூடாது"ன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டாவது பகுதி கொஞ்சம் கசக்கும். எனக்கும் கசந்துச்சு.

முதல்ல ஒரு சின்ன கணக்கு

எங்க கார் 1/10 அளவு பக்கி. பின் சக்கர டிரைவ், பிரஷ்லெஸ் மோட்டார், ரெண்டு செல் லைப்போ பேட்டரி. எல்லாம் சேர்த்து எடை சுமார் ஒன்றரை கிலோ. சீனியர்கள் விட்டுட்டுப் போன கார்.

ஒன்றரை கிலோ கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்துல போனா அதோட இயக்க ஆற்றல் சுமார் 23 ஜூல். அதே கார் 40 கி.மீ. வேகத்துல போனா சுமார் 93 ஜூல். வேகம் ரெண்டு மடங்கு ஆனா ஆற்றல் நாலு மடங்கு ஆகும்னு பிளஸ் ஒன் இயற்பியல்லயே படிச்சதுதான். ஆனா காரோட பொருத்திப் பாத்தாதான் உறைக்கும். 20 கி.மீ. வேகத்துல சுவத்துல மோதுறது, காரைச் சுமார் 1.6 மீட்டர் உயரத்துல இருந்து கீழ போடுறதுக்குச் சமம். 40 கி.மீ. வேகம்னா 6.3 மீட்டர். அதாவது ஹாஸ்டல் ரெண்டாவது மாடியில இருந்து மூக்கு கீழ இருக்கிற மாதிரி போடுறது.

இன்னொரு கணக்கு. அந்த 93 ஜூலும் 5 மி.மீ. தூரத்துல நின்னா சராசரி விசை சுமார் 18,500 நியூட்டன். முன்னாடி ஒரு ஃபோம் பம்பர் இருந்து, 30 மி.மீ. அமுங்கி நின்னா சுமார் 3,100 நியூட்டன். ஆறுல ஒரு பங்கு. காரைப் பாதுகாக்கிறதுன்னா இந்த நிக்கிற தூரத்தைக் கூட்டுறதுதான். கட்டுரை முழுக்க இதை நினைவுல வச்சுக்கோங்க.

படி 1: திராட்டிலைத் தொடாதீங்க, பேட்டரியை எடுங்க

மோதின உடனே விரலைத் திராட்டில்ல இருந்து எடுத்துடுங்க. சக்கரம் எங்கயாவது மாட்டியிருக்கும்போது அழுத்தினா மோட்டார் சுத்த முடியாம நிக்கும். அப்போ கரண்ட் கன்னாபின்னான்னு ஏறும். இ.எஸ்.சி. புகையிறதுக்கு சில நொடி போதும்.

அடுத்து காரோட சுவிட்சை அணைங்க, பிறகு ரிமோட்டை அணைங்க. வரிசை முக்கியம். ஆரம்பிக்கும்போது ரிமோட் முதல்ல, கார் பிறகு. நிறுத்தும்போது கார் முதல்ல, ரிமோட் கடைசியில. மாத்திச் செஞ்சா சிக்னல் இல்லாத கார் தானா பாஞ்சு ஓட வாய்ப்பு இருக்கு.

இப்போ பேட்டரியை வெளிய எடுத்து நாலு விஷயம் பாருங்க.

1. மூலை எங்கயாவது நசுங்கியிருக்கா?
2. மேல் உறை கிழிஞ்சிருக்கா, ஓட்டை விழுந்திருக்கா?
3. உப்பியிருக்கா? சமதரையில வச்சா ஆடுதா?
4. வழக்கத்தை விடச் சூடா இருக்கா? இனிப்பு கலந்த கெமிக்கல் வாசனை வருதா?

இதுல ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் அந்த பேட்டரியோட வாழ்க்கை முடிஞ்சது. "இன்னொரு தடவை மட்டும்" கிடையாது.

ஹாஸ்டல் ரூம் கதை இதுதான். மூணாவது வருஷம், ஃபெஸ்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி. பார்க்கிங்ல பிராக்டீஸ் பண்ணும்போது கார் ஒரு சிமெண்ட் கட்டையில நல்லா மோதிடுச்சு. பேட்டரியோட ஒரு மூலை லேசா நசுங்கியிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டும், "கார் ஓடுதே"ன்னு நினைச்சு ரூம்ல கொண்டு போய் சார்ஜ் போட்டேன். சார்ஜர் என் கட்டிலுக்குக் கீழ இருந்துச்சு. பக்கத்துல லுங்கி, நோட்டு, ஒரு அட்டைப்பெட்டி. ரூம்ல நாலு பேரு, ரெண்டு பேரு தூங்கிட்டு இருந்தாங்க.

அரை மணி நேரம் இருக்கும். என் ரூம்மேட்தான் "டேய், என்னடா நெயில் பாலிஷ் மாதிரி வாசனை?"ன்னு கேட்டான். குனிஞ்சு பாத்தா பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்துச்சு. பிளக்கைப் பிடுங்கி, கையில கிடைச்ச இரும்பு வாளியில போட்டு, பின்னாடி காலி மைதானத்துக்கு ஓடினோம். மேல மணலைக் கொட்டிட்டு தூரமா நின்னு பாத்தோம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அங்கயே இருந்தோம்.

தீப்பிடிக்கல. அதுக்குக் காரணம் என் திறமை இல்லை, ஒருத்தன் தூங்காம இருந்தது மட்டும்தான். அவன் அன்னைக்கு அசைன்மென்ட் எழுதி முடிச்சிட்டுப் படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன்.

லைப்போ செல்லுக்குள்ள ரெண்டு மின்முனைக்கும் நடுவுல ரொம்ப மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒண்ணு இருக்கு. மோதல்ல அது கிழிஞ்சா உள்ளயே ஷார்ட் ஆகும். சில நேரம் உடனே ஆகும், சில நேரம் கழிச்சு ஆகும், சார்ஜ் போடும்போதும் ஆகும். அதனால "இப்போ நல்லா இருக்கு"ங்கிறது ஒரு ஆதாரமே இல்லை.

சந்தேகமான பேட்டரியைத் திறந்த வெளியில, மண் தரையில, எரியக்கூடியது எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல வைங்க. குறைஞ்சது ஒரு மணி நேரம் தூரத்துல இருந்து கவனிங்க. பிறகும் ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க. குப்பைத் தொட்டியில போடவே கூடாது. 2022ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கு. கல்லூரியில இ-வேஸ்ட் சேகரிக்கிற ஏற்பாடு இருந்தா லேப் பொறுப்பாளர்கிட்ட சொல்லி, "அடிபட்ட லைப்போ"ன்னு எழுதி ஒட்டிக் கொடுங்க.

நல்லா இருக்கிற பேட்டரிக்கும் சில எண்கள் மனப்பாடமா இருக்கட்டும். முழு சார்ஜ்னா செல்லுக்கு 4.2 வோல்ட். சும்மா வைக்கும்போது சுமார் 3.8 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழ போக விடக் கூடாது. மோதலுக்குப் பிறகு ரெண்டு செல்லையும் தனித்தனியா அளந்து பாருங்க. முன்ன ஒரே அளவு இருந்த செல்கள்ல ஒண்ணு மட்டும் இறங்கிட்டே போனா அதுவும் ஒரு எச்சரிக்கை.

படி 2: சக்கரத்துல இருந்து நடுவுக்கு வாங்க

பேட்டரி இல்லாத காரை மேஜையில வைங்க. அடி வெளிய இருந்து உள்ள போகும், அதனால நீங்களும் அதே வழியில போங்க. இன்னொரு வசதி, காருக்கு இடது, வலதுன்னு ரெண்டு பக்கம் இருக்கு. அடிபடாத பக்கம்தான் உங்க அளவுகோல்.

சக்கரம்: ஒவ்வொரு சக்கரத்தையும் பிடிச்சு மேல கீழ, இடது வலது ஆட்டிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் அதிகமா ஆடினா பேரிங், ஆக்ஸில், இல்ல நக்கிள் அடிவாங்கியிருக்கு. கையால சுத்தி விடுங்க. கரகரன்னு இருந்தா பேரிங்.

வீல்பேஸ்: சக்கரங்களை நேரா வச்சு, முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டு மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா ஆர்ம், ஹிஞ்ச் பின், சேஸிஸ் இதுல ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு.

ஆர்ம், ஹிஞ்ச் பின்: ஆர்மைத் தூக்கி விட்டா தன் எடையிலேயே சட்டுனு கீழ விழணும். ஷாக்கைக் கழட்டிட்டுப் பாருங்க. பாதியில நின்னா பின் வளைஞ்சிருக்கு. பின்னை உருவி கண்ணாடி மேல உருட்டினா வளைவு தெரிஞ்சிடும். வளைஞ்ச பின்னைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் போடாதீங்க. மறுபடியும் அதே இடத்துல வளையும், அதுவரைக்கும் ஆர்மோட ஓட்டையைத் தின்னும்.

ஸ்டியரிங்: இங்கதான் எல்லாரும் ஏமாறுவோம். மோதினதுக்கு அப்புறம் கார் ஒரு பக்கம் இழுக்கும். உடனே ரிமோட்ல ட்ரிம்மைத் திருகி நேராக்கிடுவோம். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நேத்து வரைக்கும் நேரா போன கார் இன்னைக்கு இழுக்குதுன்னா ஏதோ வளைஞ்சிருக்கு, இல்ல சர்வோ ஹார்ன் ஒரு பல் தாண்டியிருக்கு. ட்ரிம் அதைச் சரி பண்ணாது, மறைக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுட்டு டாக்டர்கிட்ட போகாம இருக்கிற மாதிரி.

கியர்: பின் சக்கரத்தை மெதுவா கையால ஒரு முழு சுற்று சுத்துங்க. மோட்டார் காந்தத்தால வர்ற சீரான தடுக்கல் இயல்பானது. ஒரே இடத்துல மட்டும் 'டக்'னு வந்தா ஸ்பர் கியர்ல பல் போயிருக்கு. மோட்டார் நகர்ந்திருந்தா பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவுல நோட்டுப் பேப்பர் துண்டு ஒண்ணு வச்சு, ரெண்டையும் சேர்த்து அழுத்தி, மோட்டார் ஸ்கிரூவை இறுக்குங்க. பிறகு சக்கரத்தைச் சுத்திப் பேப்பரை வெளிய எடுங்க. பல் தடம் தெளிவா விழுந்து, பேப்பர் கிழியாம இருந்தா இடைவெளி சரி.

வயர்: கடைசியா ஒவ்வொரு சால்டர் ஜாயின்ட்டையும் லேசா ஆட்டிப் பாருங்க. ரிசீவர் ஆன்டெனா அறுந்திருக்கான்னு பாருங்க. ஆன்டெனா பாதி போயிருந்தாலும் கிட்டத்துல கார் நல்லாவே ஓடும், தூரத்துல போனதும் கை விட்டுப் போகும். அடுத்த மோதல் அங்க காத்துட்டு இருக்கும்.

இவ்வளவும் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். எல்லாம் சரின்னா நல்ல பேட்டரியைப் போட்டு, சக்கரம் தரையில படாம தூக்கி வச்சு, ஸ்டியரிங்கையும் திராட்டிலையும் மெதுவா சோதிங்க. பிறகு ரெண்டு நிமிஷம் மெதுவா ஓட்டி நிறுத்துங்க. மோட்டார் மேல மூணு நொடி விரல் வைக்க முடியலைன்னா, இன்னும் எங்கயோ உரசுதுன்னு அர்த்தம்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

ஆர்ம், நக்கிள் மாதிரி பாகங்கள் பெரும்பாலும் நைலான். உடைஞ்ச நைலான்ல இன்ஸ்டன்ட் பசை சரியா பிடிக்காது. மேஜையில நல்லா இருக்கும், முதல் குதியிலேயே விட்டுடும். அதனால மாத்துங்க.

புது நைலான் பாகத்தைப் பாக்கெட்ல இருந்து எடுத்து அப்படியே மாட்டாதீங்க. நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். காய்ஞ்சிருந்தா அப்பளம் மாதிரி உடையும், ஈரம் ஏறினா வளைஞ்சு கொடுக்கும். கொதிக்கிற தண்ணியில பதினைந்து நிமிஷம் போட்டு, தண்ணி ஆறுற வரைக்கும் விட்டுட்டு எடுங்க. காசே ஆகாத பாதுகாப்பு இது.

மேல இருக்கிற பாடி பாலிகார்பனேட். அதுல விரிசல் விழுந்தா முதல்ல விரிசல் முடியிற இடத்துல 2 மி.மீ. ஓட்டை போடுங்க. கூரான முனையில தகைவு குவியும், வட்டமான ஓட்டையில அது பரவிடும். விரிசல் அங்கயே நிக்கும். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல எழுதினது நினைவு வருதா? பிறகு உள்பக்கம், ஜிப்சம் போர்டு இணைப்புக்கு ஒட்டுற ஃபைபர் வலை டேப்பை வச்சு, மேல ரப்பர் மாதிரி வளையிற பசையைப் பூசி ஒரு நாள் காய விடுங்க. இன்ஸ்டன்ட் பசை இங்க வேண்டாம், காய்ஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆகி பக்கத்துலயே புது விரிசல் விடும். தின்னர், அசிட்டோன் கொண்டு துடைக்கவும் கூடாது. எந்தப் பசையா இருந்தாலும் முதல்ல வெட்டிப் போட்ட ஓரத்துண்டுல சோதிங்க.

ஸ்கிரூ லூஸ் ஆகாம இருக்கப் போடுற நீல நிற திரெட்லாக், உலோகத்துக்குள்ள போற உலோக ஸ்கிரூவுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்குக்குள்ள போற ஸ்கிரூவுக்குப் போடாதீங்க. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். மாதிரி பிளாஸ்டிக்கை அது விரிசல் விட வைக்கும்.

லேப்ல த்ரீ-டி பிரிண்டர் இருக்கேன்னு பி.எல்.ஏ.யில ஆர்ம் அடிச்சுடலாம்னு தோணும். நாங்களும் அடிச்சோம். ஒரே மோதல்ல அடுக்கு அடுக்கா பிரிஞ்சது. பி.எல்.ஏ. விறைப்பானது, ஆனா அடி தாங்காது. பிரிண்ட் பண்றதுன்னா டி.பி.யு.ல பம்பர் பண்ணுங்க, அங்க அது பிரமாதம்.

எது உடையணும்னு நீங்க முடிவு பண்ணுங்க

இப்போ கசப்பான பகுதி.

ரெண்டாவது வருஷம் எங்க கார்ல முன் ஆர்ம் மூணு தடவை உடைஞ்சது. கடுப்பாகி, கையில இருந்த காசை எல்லாம் போட்டு அலுமினிய ஆர்ம் வாங்கினேன். பளபளன்னு நீல நிறம். "இனிமே உடையாது"ன்னு எல்லார்கிட்டயும் காட்டினேன். சொன்ன மாதிரியே உடையல. அடுத்த மோதல்ல ஆர்ம் அப்படியே இருந்துச்சு. அது மாட்டியிருந்த முன் பல்க்ஹெட் ரெண்டா பிளந்துச்சு, கூடவே சேஸிஸ்ல ஸ்கிரூ ஓட்டையும் பிய்ஞ்சது. முன்னாடி நாலு ஸ்கிரூ, இருபது நிமிஷ வேலை. இப்போ காரை முழுசா பிரிக்க வேண்டியதாச்சு, பாகம் வர்ற வரைக்கும் மூணு வாரம் கார் அட்டைப்பெட்டியில கிடந்துச்சு.

வீட்டுல அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு யாராவது தடிமனான செம்புக் கம்பியைக் கட்டினா என்ன ஆகும்? ஃபியூஸ் போகாது. வயரிங் எரியும். நான் பண்ணதும் அதேதான். 93 ஜூல் எங்கயாவது போயே ஆகணும். நீங்க ஒரு இடத்தை வலுவாக்கினா, அது அடுத்த இடத்துக்குப் போகும்.

பெரிய கார்களும் இந்தப் பாடத்தைப் படிச்சுதான் வந்திருக்கு. மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரேன்யி, கார் முழுக்க விறைப்பா இருக்கக் கூடாது, நடுவுல ஆட்கள் இருக்கிற கூண்டு மட்டும் உறுதியா இருக்கணும், முன்னும் பின்னும் நசுங்கணும்னு சொல்லி 1951ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். அந்த யோசனையோட 1959ல டபிள்யூ 111 மாடல் விற்பனைக்கு வந்துச்சு. இன்னைக்கு ரோட்டுல போற கார்கள்ல நசுங்கும் பகுதின்னு சொல்றது அதைத்தான்.

அதனால உங்க காருக்கு ஒரு பட்டியல் போடுங்க. எந்தப் பாகம் மலிவு, கழட்ட சுலபம், ஸ்பேர் கிடைக்கும்? அது உடையட்டும். எது விலை அதிகம், கழட்ட கஷ்டம்? அதுக்கு அடி போகாம பாத்துக்கோங்க. எங்க பட்டியல் இது.

- நசுங்க வேண்டியது: முன் பம்பர். அகலமா, முன் சக்கரங்களை விட வெளிய நீட்டிட்டு இருக்கணும். உள்ள ஃபோம்.
- உடைய வேண்டியது: நைலான் ஆர்ம். ரெண்டு ஜோடி எப்பவும் பெட்டியில.
- நழுவ வேண்டியது: சர்வோ சேவர். சக்கரத்துல பக்கவாட்டு அடி விழும்போது இதோட ஸ்பிரிங் விட்டுக் கொடுக்கும், சர்வோ பல் தப்பிக்கும். "ஸ்டியரிங் தொளதொளன்னு இருக்கு"ன்னு இதை ரொம்ப இறுக்கினா அலுமினிய ஆர்ம் கதைதான்.
- உடையவே கூடாதது: சேஸிஸ், சர்வோ, இ.எஸ்.சி., பேட்டரி. பேட்டரி தட்டுல அசையாம இருக்க ஸ்ட்ராப், ரெண்டு முனையிலும் ஃபோம் துண்டு. முடிஞ்சா கெட்டியான உறை போட்ட லைப்போ வாங்குங்க.

இன்னொரு பாதுகாப்பு ரிமோட்லயே இருக்கு. நிறைய ரிமோட்ல திராட்டில் எல்லையைக் குறைக்கலாம். முதல் தடவை ஓட்டுறவங்க கையில கொடுக்கும்போது பாதியா வைங்க. பாதி வேகம்னா கால்வாசி ஆற்றல். நம்ம கணக்குல 93 ஜூல் 23 ஆயிடும். எந்த ஸ்பேர் பார்ட்டும் இந்த விலைக்கு இவ்வளவு பாதுகாப்பு தராது.

கடைசியா

நாங்க இந்த ஏப்ரலோட கிளம்பிடுவோம். காரை ரெண்டாம் ஆண்டு பசங்க கையில கொடுக்கப் போறோம். பெட்டியில ரெண்டு ஜோடி ஆர்ம், நாலு ஹிஞ்ச் பின், ஒரு ஸ்பர் கியர், பேரிங் செட், ஒரு மணல் வாளி இருக்கும். ஒரு நாப்பது பக்க நோட்டும் இருக்கும். அதுல ஒவ்வொரு மோதலையும் எழுதியிருக்கோம்: எந்தத் தேதி, எங்க மோதுச்சு, எது உடைஞ்சுது, பிறகு என்ன மாத்தினோம். ஒரே பாகம் மூணு தடவை வந்திருந்தா, அது மட்டமான பாகம்னு முடிவு பண்ணாதீங்க. ஒருவேளை அது தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கும்.

அலுமினிய ஆர்மும் அதே பெட்டியில இருக்கு. இன்னும் பளபளன்னுதான் இருக்கு. மாட்டாதீங்க.

அந்தப் பேட்டரி விஷயத்தை மட்டும் மறுபடியும் சொல்லிட்டுப் போறேன். நசுங்கினதை சார்ஜ் போடாதீங்க. நல்ல பேட்டரியைக்கூட ஆள் இல்லாத நேரத்துலயோ, தூங்கும்போதோ, கட்டிலுக்குக் கீழயோ சார்ஜ் போடாதீங்க. கார் போனா இன்னொரு கார் வாங்கலாம். அந்த ரூம்ல தூங்குறவங்க நம்ம பசங்க.